டி டிரைவில் ஒன்றும் பெரிதாக இல்லை

என் மனைவி சொன்ன ஒரு விஷயத்தை நான் பன்னிரண்டு வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். இதை வேறு யாரிடம் சொல்லும்போதும் அவள் சொன்னது உண்மை என்கிற மாதிரியேதான் சொல்லி வந்திருக்கிறேன். உங்களை எனக்குத் தெரியாது. அதனால் சௌகரியமாக இருக்கிறது.

உங்கள் விஷயத்தில் நான் தலையிடக்கூடாதுதான். ஆனால் கடைக்காரர் மச்சாடு உங்கள் லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா போட்டுரலாமா?" என்று கேட்டார். நீங்கள், "போடுங்க, வீட்ல அவங்க யூஸ் பண்றதுதான், முக்கியமா ஒண்ணும் இருக்காது" என்று சொல்லிவிட்டு பேப்பரை எடுத்துக்கொண்டீர்கள். அதைக் காதில் வாங்கிக்கொண்டு என்னால் சும்மா உட்கார முடியவில்லை.

மச்சாடு ஏதோ சாமான் வாங்க எதிர்க்கடைக்குப் போயிருக்கிறார். அங்கே போனால் டீ குடிக்காமல் வரமாட்டார். இருபது நிமிஷமாவது ஆகும். அதற்குள் சொல்லிவிடலாம்.

என் பெயர் பால்துரை. இங்கே தூத்துக்குடியிலேயே ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர். முப்பது வருஷமாகப் பையன்களுக்கு லென்ஸும் ஊசல் குண்டும் எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி, எண்ணிப் பூட்டுகிறேன். என் மனைவி புஷ்பகனி வேறொரு கல்லூரியில் வரலாற்றுத் துறையில் கௌரவ விரிவுரையாளராக இருந்தாள். கௌரவம் என்றால், ஒவ்வொரு ஜூன் மாதமும் இந்த வருஷம் திரும்பக் கூப்பிடுவார்களா என்று காத்திருப்பது. டாக்டர் பட்டம் வாங்கிவிட்டால் நிரந்தரமாக்குகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். பகுதி நேரமாகப் பதிவுசெய்து ஆறு வருஷமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். எல்லாம் ஒரு லேப்டாப்பில் இருந்தது. அந்த வருஷம் டிசம்பரில் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட வேண்டும். நான் சொல்வது மே மாதத்தில் நடந்தது.

அந்த லேப்டாப் ரொம்ப மெதுவாகிவிட்டிருந்தது. ஆன் செய்துவிட்டுப் போய் அரிசியைக் களைந்து உலையில் போட்டுவிட்டு வரலாம். வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கனி ஒருநாள், "இது திறக்கிறதுக்குள்ள நான் எழுத நினைச்சது மறந்துபோகுது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவள் எதையும் கோபமாகச் சொல்லமாட்டாள். நான்தான் அதை மனதில் வைத்துக்கொண்டேன்.

அப்போது மச்சாடுக்குக் கடை எல்லாம் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு டியூஷன் சென்டர் ஹாலில், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்கிற லினக்ஸ் பற்றிக் கூட்டம் போடுவார். ஐந்து பேர் வருவோம். அதில் ஒருவர் ஃபேனுக்காக வருகிறவர். மச்சாடு பேசினால் நன்றாக இருக்கும். "நம்ம மெஷின் நமக்குச் சொந்தம். உள்ள என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியணும். யாரோ ஒருத்தன் நம்ம வீட்டுச் சாவியை வச்சிக்கிட்டு நம்மள உள்ள விடக்கூடாது" என்பார். எனக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்துப்போயிற்று. எங்கள் வீட்டில் இருந்த மெஷின் கனியுடையது. அவள் அண்ணன் வாங்கிக் கொடுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கனி உடன்குடிக்குப் போனாள். தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. நான் வயிறு சரியில்லை என்று சொல்லி வீட்டில் இருந்துகொண்டேன். அவள் திரும்பி வந்து திறக்கும்போது பட்டென்று திறக்க வேண்டும், அதுதான் என் எண்ணம். நான் அவளுக்குப் பெரிதாக எதுவும் வாங்கிக் கொடுத்ததில்லை.

பொறுப்பில்லாமல் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. சி டிரைவில் இருந்ததையெல்லாம் டி டிரைவுக்கு மாற்றினேன். இந்த ஊரில் எந்தக் கடையில் கொடுத்தாலும் அதுதானே வழக்கம். சி போகும், டி போகாது. "டி-ல போட்டு வைங்க சார், பத்திரமா இருக்கும்" என்று நீங்களும் எத்தனை முறை கேட்டிருப்பீர்கள். கனியும் அப்படிக் கேட்டுத்தான் தன் ஆராய்ச்சி முழுவதையும் டியில் வைத்திருந்தாள். நான் மூன்று முறை சரிபார்த்தேன். எத்தனை ஃபைல் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். அந்தத் தாள் இன்னும் இருக்கிறது.

மச்சாடு கொடுத்த டிவிடியைப் போட்டேன். மொழி கேட்டது, ஊர் கேட்டது. பிறகு, டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு லினக்ஸை நிறுவவா என்று கேட்டது. நிறுவு என்றேன். ஏனென்றால் டி என்பது தனி என்று நினைத்திருந்தேன். சி ஒரு பீரோ, டி ஒரு பீரோ. ஒரே பீரோவில் இரண்டு தட்டு என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. லினக்ஸுக்குச் சியும் கிடையாது, டியும் கிடையாது. இப்போது இதை யார் கேட்டாலும் அரை மணி நேரம் விளக்குவேன். அன்றைக்குத் தெரியாது.

இருபத்திரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அதற்குள் நான் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டேன். திரும்பத் திறந்தால் பதினெட்டு செகண்டில் திறந்தது. கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் திறந்து மூடி, திறந்து மூடி, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு டியைத் தேடினேன். மச்சாடுக்குப் போன் போட்டேன்.

"மச்சாடு, எல்லாம் அருமையா வந்துருச்சு. டி எங்க இருக்கும்?"

அந்தப் பக்கம் ஒரு பஸ் போகிற சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, எங்க இருக்கீங்க?"

"வீட்டுலதான்."

"உக்காந்திருக்கீங்களா?"

"உக்காந்துதானே செய்ய முடியும்?"

"அப்ப அப்படியே இருங்க. ஒண்ணும் தொடாதீங்க. நான் வாரேன்."

வந்தார். பார்த்தார். "இனிமே இந்த டிஸ்க்ல ஒரு எழுத்துகூட எழுதாதீங்க. நாளைக்கே கழட்டி எடுத்து வச்சிருங்க. மேல எழுத எழுத அடியில இருக்கிறது போயிரும்" என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். கனி வருவதற்குள் போய்விட வேண்டும் என்று நினைத்திருப்பார்.

கனி ஆறரை மணிக்கு வந்தாள். கையில் காதுகுத்து வீட்டுப் பலகாரம். நான் என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்க்காமலே சொல்லிவிட்டேன். அவள் லேப்டாப்பைத் திறந்தாள். பதினெட்டு செகண்டில் திறந்தது.

"சீக்கிரமா திறக்குதே" என்றாள்.

"ஆமா."

"எல்லாமா போயிருச்சு?"

"எல்லாம்."

கொஞ்ச நேரம் அந்த ஊதாத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேலையில் குத்தியிருந்த ஊக்கை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தாள். வைத்துக்கொண்டே சொன்னாள்:

"கைடுகிட்ட ஒரு காப்பி இருக்கு. அதுல ஒண்ணும் பெருசா இல்லைங்க."

இதுதான் அவள் சொன்னது. பன்னிரண்டு வருஷமாக நான் சந்தேகப்படுவது இதைத்தான்.

அந்த வாக்கியத்தை நீங்களே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கைடிடம் காப்பி இருக்கிறது என்றால், அதில் பெரிதாக இல்லை என்று எதற்குச் சொல்ல வேண்டும்? பெரிதாக ஒன்றும் இல்லை என்றால், கைடிடம் எதற்கு ஒரு காப்பி கொடுத்து வைக்க வேண்டும்? ஒன்று சொன்னால் போதும். அவள் இரண்டு சொன்னாள். கனி ஒரு காரியத்துக்கு இரண்டு காரணம் சொல்கிற பெண் இல்லை. கடைக்குப் போகிறேன் என்பாள், போவாள்.

ஆனால் அன்றைக்கு நான், "அப்பாடா" என்றேன். அதையும் மறைக்கவில்லை. பலகாரத்தில் இரண்டு அதிரசம் சாப்பிட்டேன்.

நான் என்னை விடாமல் கேள்வி கேட்டுக்கொள்கிற ஆள். அது சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம். இந்த விஷயத்துக்கென்று ஒரு நோட்டுப் போட்டேன். அறுபத்துமூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்தத் திரையில் எச்சரிக்கை சிவப்பு எழுத்தில் இருந்ததா? இருந்தும் நான் படிக்கவில்லையா? படித்தும் அழுத்தினேனா? அவள் விரிவுரையாளர், நான் ஆய்வக உதவியாளர், அவள் டாக்டராகிவிடக்கூடாது என்று என் உள்மனது விரும்பியதா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கடுமையாக விசாரித்தேன். அப்படி இல்லை என்று முடிவுக்கு வந்தேன். அதற்கு மூன்று வாரம் ஆனது.

மறுநாளே அந்த டிஸ்க்கைக் கழட்டி, துண்டில் சுற்றி, பீரோவில் வீட்டுப் பத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். லேப்டாப்புக்குப் புது டிஸ்க் வாங்கிப் போட்டு அதிலும் லினக்ஸே வைத்தேன். பழையதுக்கே திரும்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். திரும்பியிருந்தால் நான் செய்தது வெறும் தப்பாகப் போயிருக்கும்.

லினக்ஸோடு குடும்பம் நடத்துவது பழக்கம்தான். முதலில் சத்தம் வரவில்லை. எட்டு மாதம் வரவில்லை. கனி படம் பார்க்கும்போது அடியில் எழுத்துப் போட்டுப் பார்க்கப் பழகிக்கொண்டாள். வைஃபை பிடிக்கவில்லை. ஒரு நீல வயரை ஹாலுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டேன். அதைத் தாண்டித் தாண்டி அவளுக்கு வழக்கமாகிவிட்டது. பிறகு வயரை எடுத்த பிறகும் அந்த இடம் வந்தால் காலைத் தூக்கி வைப்பாள். மூடியை மூடினால் தூங்கும், திறந்தால் எழுந்திருக்காது. அதனால் 'மூடாதே' என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன். பிரிண்டருக்குப் பதினான்கு கட்டளைகள் கொடுக்க வேண்டும். அதை ஒரு அட்டையில் எழுதிக் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வரும். வந்த அன்றே போட்டுவிடுவேன். போட்டால் முன்பு வேலை செய்த ஒன்று நின்றுபோகும், முன்பு நின்றுபோன ஒன்று வேலை செய்யும். அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

அந்தக் கட்டளைகளுக்கெல்லாம் வேண்டிய நிர்வாகி பாஸ்வேர்டு என்னிடம் மட்டும்தான் இருந்தது. பாதுகாப்புக்காக.

கனி ஒருமுறை கேட்டாள். "அந்தப் பாஸ்வேர்டை எனக்கும் சொல்லி வைங்களேன்."

"எதுக்கு?"

"கொஸ்டின் பேப்பர் அடிக்கணும். நீங்க வர ஆறு மணி ஆயிருது."

"நான் வந்து அடிச்சுத் தாரேன்."

"சரி."

அதற்குப் பிறகு அவள் அடுத்த தெருவில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போக ஆரம்பித்தாள். தினமும் மத்தியானம் கல்லூரி முடிந்து இரண்டு மணிக்குப் போவாள், நான்கு மணிக்கு வருவாள். வீட்டில் இவ்வளவு நல்ல சிஸ்டம் இருக்கும்போது எதற்குப் போகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அங்கே ஏசி உண்டு. அதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வருஷம் போலப் போனாள். அப்புறம் நின்றுவிட்டது.

டிசம்பர் வந்தது, போனது. அவள் எதையும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. கேட்டதற்கு, "ஒரு வருஷம் நீட்டிச்சு வாங்கியிருக்கேன்" என்றாள். அடுத்த வருஷம் ஒரு கல்யாணத்தில் அவளுடைய கைடைப் பார்த்தேன். பேராசிரியர் தெய்வநாயகம். பந்தியில் பக்கத்து இலை. என்னை அடையாளம் கண்டுகொண்டு, "மேடம் எதுவரைக்கும் வந்திருக்காங்க? அத்தனை பேரையும் மறுபடி போய்ப் பாத்துப் பேசணும்னு சொன்னாங்களே, ஆளுங்க கிடைச்சாங்களா? பாதிப் பேர் இப்ப இருக்கமாட்டாங்களே" என்றார்.

"நல்லா இருக்காங்க சார்" என்றேன்.

ரசம் வந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். கையில் காப்பி வைத்திருக்கிற மனுஷன் இப்படிக் கேட்பாரா? அந்தக் கேள்வியை நோட்டில் நாற்பத்தெட்டாவதாக எழுதி வைத்தேன். கனியிடம் அவரைப் பார்த்ததாகவே சொல்லவில்லை. அவளுக்கு எதற்கு மனக்கஷ்டம்.

அதற்கடுத்த ஜூனில் கல்லூரியில் அவளைக் கூப்பிடவில்லை. டாக்டர் பட்டம் வாங்கின ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். கனி, "நல்லா படிச்ச பொண்ணு. என்கிட்டயே படிச்சவ" என்று மட்டும் சொன்னாள். இப்போது ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறாள். புத்தகங்களுக்கு நம்பர் ஒட்டுகிற வேலை. அமைதியான வேலை. அவளுக்கு அது பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். அழிந்ததை மீட்பது எப்படி என்று படித்தேன். லினக்ஸிலேயே அதற்கு ஒரு கருவி இருக்கிறது, அது டிஸ்க்கைத் துழாவி, உள்ளே என்னென்ன ஃபைல் கிடந்ததோ அத்தனையையும் வெளியே எடுத்துப் போடும். ஆனால் பெயர் இருக்காது. வெறும் எண்கள். நாற்பத்தொன்றாயிரம் ஃபைல் வந்தது. தினமும் வேலை முடிந்து வந்து அறுபது திறப்பேன். முக்கால்வாசி சின்னச் சின்னப் படங்கள். அம்புக்குறி, குப்பைத்தொட்டி, மணல்கடிகாரம். எங்கள் கல்யாணப் போட்டோ ஒன்று வந்தது, அதில் எனக்குத் தலை இல்லை. கீழ்ப்பாதி வந்திருந்தது.

எழுத்து உள்ள ஃபைல் இருநூற்று நாற்பது. அதைத்தான் கவனமாகப் பார்த்தேன். ஆராய்ச்சி என்றால் முதல் பக்கத்தில் தலைப்பு இருக்கும், பல்கலைக்கழக முத்திரை இருக்கும், நன்றியுரை இருக்கும். எங்கள் கல்லூரி நூலகத்தில் வரிசையாக அடுக்கியிருப்பார்கள், தோல் அட்டை போட்டு. அப்படி ஒன்றுமே அகப்படவில்லை. எல்லாம் துண்டும் துக்கடாவும். கல்லூரிச் சுற்றறிக்கை. யாருக்கோ லீவு லெட்டர். ஒன்றில் ஐம்பது அறுபது பெண்களின் பெயர், பக்கத்தில் வயது, எந்த வயதில் உப்பளத்து வேலைக்கு வந்தார்கள், எந்த வயதில் கண் மங்க ஆரம்பித்தது என்று கட்டம் கட்டி எழுதியிருந்தது. ஏதோ கண் ஆஸ்பத்திரிக்காரர்கள் எடுத்த சர்வே. இன்னொன்றில் யாரோ ஒரு அம்மா பதினேழு பக்கத்துக்குத் தன் கதையைச் சொல்லிக்கொண்டே போகிறாள், காலில் வெடிப்பு வந்தது, முதலாளி குடை பிடித்துக்கொண்டு வந்தான் என்றெல்லாம். அந்த மாதிரி நிறைய இருந்தது. யாராவது கனியிடம் டைப் அடிக்கக் கொடுத்திருப்பார்கள். அவளுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. வரலாறு என்றால் ஒரு ராஜா இருப்பார், ஒரு வருஷம் இருக்கும், குறைந்தது ஒரு சட்டமாவது இருக்கும். இதில் எதுவும் இல்லை. எனக்கும் டிஸ்க்கில் இடம் போதவில்லை. பார்த்து முடித்தவற்றையெல்லாம் அழித்துவிட்டேன்.

இரண்டு வருஷத்தில் நாற்பத்தொன்றாயிரத்தையும் பார்த்து முடித்தேன். கனியின் ஆராய்ச்சி அதில் இல்லை.

அசல் டிஸ்க் மட்டும் பீரோவில் இருந்தது. போன மாதம் என்னவோ தோன்றி எடுத்துச் சுற்றவிட்டால் டிக் டிக் என்று சத்தம். இங்கே கொண்டுவந்தேன். மச்சாடு காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னும் ரெண்டு மூணு தடவைதான் சுத்தும் அண்ணாச்சி" என்று சொல்லி அன்றைக்கே அப்படியே ஒரு நகல் எடுத்துவிட்டார். நகல் இங்கேதான் இருக்கிறது, அந்த ஷெல்ஃபில். அதை வைத்துக்கொண்டு நேற்று மத்தியானம் உட்கார்ந்தோம்.

"முன்னால மாதிரி எல்லாத்தையும் வெளிய கொட்ட வேண்டாம்" என்றார் மச்சாடு. "டிஸ்க்ல இருக்கிற எழுத்துக்குள்ளயே தேடுவோம். ஒரு வார்த்தை இருந்தாப் போதும். அந்த ஃபைல்ல கட்டாயம் இருக்கிற வார்த்தை. மதினி இங்கிலீஷ்லதானே எழுதுவாங்க?" கனி அவருக்கு மதினி.

"ஆமா."

"சொல்லுங்க. எதைத் தேட?"

"ஹிஸ்டரி."

போட்டார். அரை மணி நேரம் ஓடியது. லட்சத்துச் சொச்சம் வந்தது. "எல்லா மெஷின்லயும் ஹிஸ்டரின்னு ஆயிரம் இடத்துல இருக்கும் அண்ணாச்சி. வேற?"

"தூத்துக்குடி."

அதுவும் ஆயிரக்கணக்கில் வந்தது. ரயில் டிக்கெட், கல்லூரி லெட்டர், வானிலை.

"என் பேரைப் போடு" என்றேன். "நன்றியுரையில என் பேரு இருக்கும்ல. புருஷன் பேரு எல்லாரும் போடுவாங்க."

போட்டார். பத்தொன்பது வந்தது. பத்தொன்பதும் நான் எழுதின லீவு லெட்டர்.

மச்சாடு நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். "அண்ணாச்சி, மதினி சப்ஜெக்ட் என்ன?"

"ஹிஸ்டரி."

"அது தெரியும். ஹிஸ்டரில என்ன?"

"ஹிஸ்டரிதான்யா."

"ராஜாவா, சண்டையா, கோயிலா, கப்பலா?"

"கப்பலா இருக்கும்னு நினைக்கேன். சனிக்கிழமையானா பீச்சுப் பக்கம் போவா. செருப்பெல்லாம் வெள்ளையா ஆயிரும்."

"நம்ம ஊர் பீச்சு மணல் வெள்ளையாவா இருக்கும்?"

"பின்ன?"

மச்சாடு கீபோர்டைத் தள்ளி வைத்தார். "மதினிக்கு ஒரு போனைப் போட்டுக் கேட்டுருவோம்" என்றார்.

"வேண்டாம். அவளுக்குத் தெரியாமச் செய்றேன். கிடைச்சதும் கொண்டுபோய்க் கையில கொடுக்கணும்."

"முதல் தடவையும் அப்படித்தான் அண்ணாச்சி செஞ்சீங்க."

அவர் எப்போதாவதுதான் இப்படிப் பேசுவார். நான் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "கேட்டுட்டு வாங்க. நாளைக்குக் கடையில இருப்பேன்" என்றார். அதனால்தான் இப்போது இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அதோ, டீ முடிந்துவிட்டது போலிருக்கிறது, கிளாஸைக் கீழே வைக்கிறார். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். கனி ஹாலில் தரையில் உட்கார்ந்து, பள்ளியிலிருந்து கொண்டுவந்த புத்தகங்களுக்கு நம்பர் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பசைக் கிண்ணம். டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்தேன்.

"கரண்ட் போச்சா?"

"இல்ல. நான்தான் அணைச்சேன்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள். நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன். எனக்கு முழங்கால் வலி, தரையில் உட்காருவதில்லை. அதையும் அவள் கவனித்திருப்பாள்.

"அந்தப் பழைய லேப்டாப்..."

"எந்தப் பழைய லேப்டாப்?"

"உங்க அண்ணன் வாங்கிக் கொடுத்தது."

"ம்."

"கைடுகிட்ட ஒரு காப்பி இருக்குன்னு அன்னைக்குச் சொன்னியே."

சீட்டை விரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒட்டியாகிவிட்டது, ஆனாலும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, சொன்னேன்."

பன்னிரண்டு வருஷமாக நான் தயார்செய்து வைத்திருந்த கேள்வி அடுத்தது. அது உண்மையா, பொய்யா என்று கேட்க வேண்டும். நோட்டில் முதல் பக்கத்தில் முதல் கேள்வியாக எழுதி வைத்திருந்தேன். எந்தக் குரலில் கேட்பது என்றுகூடக் குளிக்கும்போது பேசிப் பார்த்திருக்கிறேன். வாயைத் திறந்தேன். மச்சாடுக்கு ஒரு வார்த்தை வேண்டும் என்பதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அவளோடு நடந்த இத்தனை வருஷப் பேச்சையும் அந்த இடத்திலேயே மனதுக்குள் துழாவிப் பார்த்தேன். கறி, மழை, கரண்ட் பில், அவள் அம்மாவுக்குச் சர்க்கரை, வயர், பிரிண்டர். அந்த ஒரு வார்த்தை எங்கேயும் இல்லை. என்னிடம் இருந்து அது அழிந்துபோகவில்லை. அது என்னிடம் வந்ததே இல்லை.

கனி அடுத்த புத்தகத்தை எடுக்கக் கையை நீட்டினாள். நான் அந்தப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்திக்கொண்டு கேட்டேன்:

"கனி, ஆறு வருஷமா நீ எதைப் பத்தி எழுதிக்கிட்டு இருந்த?"